மணி துளைத்த கைகள்

மதுரை அரசவையில் ஒரு வழக்கு. கணவனை இழந்த பெண்ணொருத்தி ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி வந்து நிற்கின்றாள். அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் இவனே என்று பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை நம்பி, அரசன் அவள் கணவனைக் கொல்வித்துவிட்டான். வழக்கைத் தீர்ப்பதற்கு மனிதச் சாட்சி எவரும் இலர். தன் சிலம்பின் உள்ளிருக்கும் பரல் மாணிக்கம் என்றாள் அப்பெண். அரசி சிலம்பின் பரலோ முத்து. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, அரசன் உயிர் துறந்தான். சிலப்பதிகாரம் காட்டும் இக்காட்சியை அறியாத தமிழர் இரார்.

புறத்தோற்றத்தால் ஒன்றையொன்று ஒத்த இரு சிலம்புகளைப் பற்றி மனிதன் பொய் சொன்னான். உள்ளே கிடந்த கல் மெய் சொன்னது. இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளும் கற்கள் சொல்லும் சாட்சியமே ஆகும். ஆனால் அரசரைப் பற்றியோ அரசியரைப் பற்றியோ அக்கற்களை நான் வினவப் போவதில்லை. அவற்றை உடைத்து, தேய்த்து, துளைத்து, மெருகிட்டு அணிகலனாக்கிய கைகள் யாருடையவை, அக்கைகளின் அறிவு எங்கிருந்து எங்குச் சென்றது என்பவையே என் வினாக்கள்.

மணி என்னும் சொல்லுக்கு இரத்தினம் என்பது ஒரு பொருள். நூலிற் கோப்பதற்குத் துளையிட்ட சிறு உருண்டை என்பது மற்றொரு பொருள். இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மண்ணிலிருந்து எடுத்த கல்லுக்கு இயற்கையாக ஒளி உண்டு எனினும், அவ்வொளி பெரும்பாலும் அழுக்கேறிய மேற்றோலினுள் மறைந்து கிடக்கும். ஆற்றுப் படுகையிற் கிடக்கும் நீலக்கல்லைப் பழக்கமில்லாத கண் கூழாங்கல் என்றே கொள்ளும். கல் நிலத்திலே பிறக்கின்றது. மணி கையிலே பிறக்கின்றது.

தமிழகத்திலே இத்தொழிலின் பழமையைக் காட்டும் இடங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது கொடுமணல் என்னும் சிற்றூர். ஈரோடு மாவட்டத்திலே நொய்யல் ஆற்றின் வடகரையில் அது உள்ளது. சங்கத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்னும் ஊரைக் குறிப்பிடுகின்றனர். கொடுமணத்து அணிகலன்களையும் பந்தர் என்னும் ஊரின் முத்துக்களையும் சேர்த்தே அவர்கள் பேசுகின்றனர். அரிசில்கிழார் கொடுமணத்துக் கலங்களைப் புகழுமிடத்து, அவற்றின் வேலைப்பாட்டையே சிறப்பாக எடுத்துரைக்கின்றார். அக்கொடுமணமே இன்றைய கொடுமணல் என்று அறிஞர் கொள்வர்.

புலவர் வாக்கு மிகையோ மெய்யோ என்ற ஐயத்தை மண்வெட்டி தீர்த்து வைத்தது. 1985 ஆம் ஆண்டு தொடக்கம் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தனர். பின்னரும் பலமுறை அகழாய்வுகள் நடைபெற்றன. சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல், நீலம், பச்சைநிறப் படிகமாகிய பெரில் முதலிய பல கற்களில் இயன்ற மணிகள் வெளிவந்தன. ஆப்கானிஸ்தான மலைகளிலே தோன்றும் இலாப்பிசு இலாசுலி என்னும் கருநீலக் கல்லும் கிடைத்தது. ஓர் ஈமக்குழியில் மட்டும் 2,000 க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன.

எனினும், ஆராய்வோருக்கு முழு மணிகளைக் காட்டிலும் குறைமணிகளே பெரிதும் உதவின. உடைத்த சில்லுகள், பாதி தேய்த்த கற்கள், மெருகேறியும் துளையிடப்படாத மணிகள், துளையிடும்போது பிளந்துபோனவை எனத் தொழிலின் ஒவ்வொரு படியும் அம்மண்ணிலே கிடந்தது. முழு மணி வாணிகத்தின் மூலம் எங்கிருந்தும் வந்திருக்கலாம். குறைமணியை விலை கொடுத்து வாங்குவார் இலர். தொழில் நடந்த இடத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். கைவினைஞன் சலித்து எறிந்த பிழையே, 2,000 ஆண்டுகளுக்குப் பின் அவன் இருந்த இடத்துக்குச் சான்றாயிற்று.

நேயர்களே, அத்தொழில் எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். குசராத்திலுள்ள காம்பே நகரத்து மணி வினைஞர் கைக்கொண்டுவரும் பழைய முறைகள் நமக்கு இதனை விளக்குகின்றன. சூதுபவளத்தை முதலில் வெயிலிலே உலர்த்துவர். பின்னர்ச் சட்டியிலே இட்டுச் சாணம் முதலியவற்றின் மென்றீயில் வேகவைப்பர். கல்லில் உள்ள இரும்புச் சத்து அச்சூட்டினால் மாறுதலுற, மங்கிய மஞ்சள் நிறம் செந்நிறமாகும். அதன்பின் கல்லை ஓர் இரும்பு முனைமேல் வைத்து, எருமைக்கொம்பாற் செய்த சுத்தியலால் தட்டித் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்து உருவாக்குவர். தட்டு ஒன்று தவறினாற் கல் இரண்டாகும். உருப்பெற்ற கல்லைச் சாணையிலே தேய்த்துச் சமனாக்குவர். இவை முடிந்த பின்னரே துளையிடுதலாகிய கடுஞ்சோதனை வரும்.

கல்லின் வன்மையைப் பத்துப் படிகளாக வகுத்துக் கூறுவது கனிமநூலார் வழக்கு. அந்த அளவில் வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. பெரில் ஏழரை முதல் எட்டு வரை. பளிங்கும் சூதுபவளமும் ஏறக்குறைய 7. இரும்பு முனையாற் பளிங்கைத் துளைக்க இயலாது. சிந்துவெளி மக்கள் நீண்ட சூதுபவள மணிகளைத் துளைக்க, வன்மைமிக்க தனிவகைக் கல்லினாற் செய்த முனைகளைப் பயன்படுத்தினர். அம்முறையை அறிஞர் இக்காலத்திலே சோதித்துப் பார்த்தபோது, ஒரு மணி நேரம் இடையறாது துளைத்தால் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் ஆழமே சென்றது. விரல் நீளமுள்ள ஒரு மணியைத் துளைப்பதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

பிற்காலத்தார் இதற்கொரு வழி கண்டனர். துறப்பணத்தின் முனையில் மிகச்சிறு வைரத் துணுக்குகள் இரண்டைப் பதித்தனர். வில்லின் நாணைத் துறப்பணத்திலே சுற்றி முன்னும் பின்னும் இழுக்க, முனை விரைந்து சுழலும். சூடு தணியத் துளிதுளியாக நீர் விழும். ஒரு புறத்திலிருந்து பாதியும் மறுபுறத்திலிருந்து பாதியும் துளைப்பர். இரு துளையும் நடுவிலே சந்திக்க வேண்டும். மணியின் உள்ளே கண் நுழையாது, கையுணர்வே வழிகாட்டி.

இவ்வைரத் துறப்பணம் நம் இலங்கையிலும் இயங்கியது என்பதற்குச் சான்று உண்டு. அச்சான்று வெளிப்பட்ட வகை சுவையானது. குவினெற், கொறெலிக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பல் மருத்துவத் துறையைச் சார்ந்தவர்கள். பல்லின் அச்சை எடுக்க மருத்துவர் பயன்படுத்தும் மென்பொருளைப் பழைய மணிகளின் துளைகளிலே செலுத்தி, துளையின் அச்சை அவர்கள் எடுத்தனர். அந்த அச்சை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, முனை சுழன்ற வரிகள் வட்டம் வட்டமாகத் தோன்றின. வைர முனை விட்ட தடத்துக்கும் மணற்பொடி விட்ட தடத்துக்கும் வேறுபாடு உண்டு. கி.பி. 700 முதல் 1000 வரையான காலத்து இலங்கை மணிகளை இவ்வாறு ஆராய்ந்து, அவை வைரத் துறப்பணத்தால் துளைக்கப்பட்டவை என்று 1986 ஆம் ஆண்டளவில் அவர்கள் எழுதினர். ஆயிரம் ஆண்டுக்கு முன்னே ஒருவன் நாண் இழுத்த அசைவு, அவன் துளைத்த துளையின் சுவரிலே அழியாமல் இருந்தது.

இலங்கையில் மணித்தொழிலுக்குரிய பழைய துறைகளுள் மாந்தை முதன்மையானது. திருக்கேதீச்சரத்தின் பெயரோடு சேர்த்து நாம் நினைவுகூரும் அப்பெருந்துறை, கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே கப்பல்கள் பண்டம் மாற்றிய இடமாகும். 1980 முதல் 1984 வரை அங்கே அகழாய்வு நடந்தது. போர்ச் சூழலால் அது தடைப்பட்டது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தனர். பலவகை மணிகள் அங்கே கிடைத்தன. பாக்கு நீரிணைக்கு அப்பால், புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டை 1945 ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் அகழ்ந்தார். அங்கேயும் முழுமணிகளோடு குறைமணிகளும் சில்லுகளும் வெளிப்பட்டன. கொடுமணலையும் அரிக்கமேட்டையும் மாந்தையையும் ஒரு நூலிலே கோத்துப் பார்த்தால், மணிவினைஞரின் அறிவு கடலையும் காலத்தையும் கடந்து நடந்த வழி தெரிகின்றது.

இம்மணிகளை வாங்கியோர் யாவர்? உரோமர் அவர்களுட் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். கி.பி. முதல் நூற்றாண்டிலே எழுதப்பட்ட பெரிப்புளூசு என்னும் கடல்வழி நூல், முசிறித் துறையிலிருந்து ஏற்றுமதியான பண்டங்களுள் ஒளி ஊடுருவும் கற்கள் பலவற்றையும் வைரத்தையும் கூறுகின்றது. கி.பி. 79 இல் இறந்த பிளினி என்னும் உரோம அறிஞர் தம் இயற்கை வரலாற்று நூலின் இறுதிப் பகுதியை மணிகளுக்கே ஒதுக்கினார். பெரில் என்னும் கல் பெரும்பாலும் இந்தியாவிலேயே கிடைக்கின்றது என்றும், இந்தியர் நீண்ட பெரில்களைத் துளைத்து யானை மயிரிலே கோத்து அணிகின்றனர் என்றும் அவர் எழுதினார். குற்றமற்ற கல்லைத் துளைக்காது, அதன் இரு முனைகளிலும் பொற்குமிழ் பூட்டுவர் என்பதும் அவர் தரும் செய்தி. எந்தக் கல்லைத் துளைப்பது, எதனைத் துளையாது விடுவது என்று தெரிந்திருப்பதும் தொழிலறிவே அன்றோ?

இந்தப் பெரில் கொடுமணலுக்கு அயலிலேயே கிடைத்தது. காங்கேயத்தை அடுத்த படியூரில் இதற்கான சுரங்கம் இருந்தது. 1819, 1820 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஒருவர் அதனை மீண்டும் தோண்டிக் கற்கள் எடுத்தார். கொங்கு நாட்டிலே உரோம நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைப்பதற்கு இக்கல்லே ஒரு காரணம் என்பர் ஆராய்ச்சியாளர். மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிமக் குடும்பத்துக்கு இன்று உலகெங்கும் வழங்கும் கொறண்டம் என்ற பெயரும், குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே. கல் சென்றது, கல்லின் பெயரும் சென்றது. கல்லைத் தொட்ட மனிதனின் பெயர் மட்டும் பெரும்பாலும் செல்லவில்லை.

இதனை நான் வெறும் உணர்ச்சியாற் கூறவில்லை. கொடுமணலிலே தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்றெல்லாம் பெயர்கள் அவற்றிலே உள்ளன. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல்லும் ஓர் ஓட்டிலே காணப்படுகின்றது. ஆனால் அப்பெயர் உடையோருள் மணி துளைத்தவன் எவன் என்று எந்த ஓடும் கூறவில்லை. பானைக்கு உரியவன் பெயர் நின்றது. மணியைச் செய்தவன் பெயர் நில்லாது போயிற்று.

பிற்காலத்திலும் நிலை இதுவே. முதலாம் இராசராசன் 1010 ஆம் ஆண்டிலே நிறைவேற்றிய தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகளை நோக்குங்கள். அரசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த அணிகள் ஒவ்வொன்றும் அங்கே வரையப்பட்டுள்ளது. எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என்ற எண்ணிக்கை உண்டு. கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக நிறை உண்டு. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், மணி பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் வழங்கின. கல்லிலுள்ள புள்ளி, வெடிப்பு, பள்ளம் ஆகிய குற்றங்களும் ஒளியாது எழுதப்பட்டன. மணியைப் பொருத்த உள்ளே இட்ட அரக்கின் நிறையையும் கணக்கிலிருந்து மறைக்கவில்லை. கோயிற் பணியாளர் வரிசையிலே இரத்தினத்தையான் என்று, அணிகளில் மணி தைப்போனுக்கும் இடம் உண்டு. அரக்கையும் நிறுத்து எழுதிய அக்கல்வெட்டு, இவ்வாரத்தை இன்னான் செய்தான் என்று எழுதவில்லை.

இப்பெயரில்லாப் பெருந்திரளிடையே ஒரு பெயர் மட்டும் கடல் கடந்த நாட்டிலே நமக்குக் கிடைத்துள்ளது. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாகாணத்திலே குவான் லுக் பட் என்று ஓரிடம் உண்டு. மணிமேடு என்பது அப்பெயரின் பொருள். மழை பெய்து மண் கரையும்போதெல்லாம் பழைய மணிகள் வெளிப்படுவதால் அப்பெயர் பெற்றது. அங்கே கிடைத்த பொருள்களுள் பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்றும் உண்டு. கி.பி. மூன்றாம் நான்காம் நூற்றாண்டுக்குரிய தமிழ் எழுத்திலே, பெரும்பதன் கல் என்று அதிலே பொறித்திருக்கின்றது. பெரும்பதன் என்பவனுடைய உரைகல் என்பது பொருள். பதன் என்பது பத்தன் என்னும் சொல்லே என்றும், அது பொற்கொல்லனைக் குறிக்கும் என்றும் அறிஞர் விளக்குவர். யாழ்ப்பாணத்திலே பொன்வேலை செய்வோரைப் பத்தர் என்று அழைக்கும் வழக்கை நேயர்கள் அறிவீர்கள். உரைகல்லை மடியிலே கட்டிக்கொண்டு கடல் கடந்த ஒரு பத்தன், அக்கல்லிலே தன் பெயரைப் பொறித்து வைத்தான்.

பெரும்பதன் சென்ற வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலறிவு இங்கிருந்து தாய்லாந்துக்குச் சென்ற வழி அது. அதே வழியிலே வந்த ஒரு திருப்பத்தை இப்பேச்சின் முடிவிலே கூறுவேன்.

இனி நம் நாட்டின் இரத்தினக்கற்களுக்கு வருவோம். இரத்தினபுரி என்னும் பெயரே அந்நிலத்தின் வளத்தை அறிவிக்கும். சப்பிரகமுவாவின் வயல்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் குழி தோண்டி, மரக்கால்கள் நாட்டி, ஊறும் நீரை இறைத்து, இல்லம் என்று கூறப்படும் மணிக்கற்படையை எட்டுவர். அச்சரளையைப் பிரம்புக் கூடைகளிலே இட்டு நீரில் அரித்து, எஞ்சியதிலிருந்து நீலம், புட்பராகம், கோமேதகம், வைடூரியம் முதலியவற்றைத் தெரிந்தெடுப்பர்.

1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா என்னும் மொறோக்கோப் பயணி, புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றிலே அகில் எண்ணெய் நிறைந்திருக்கக் கண்டு அவர் வியந்தார். அதனினும் பெரியவை தம்மிடம் உண்டு என்றான் அரசன். பாட நூல்கள் இச்செய்தியை விடாது கூறும். அவர் எழுதிய மற்றொரு செய்தி அத்துணைப் புகழ் பெறவில்லை. மண்ணிலிருந்து எடுத்த கல்லைச் சாணைத் தொழிலாளரிடம் கொடுப்பார்கள் என்றும், மாணிக்கம் வெளிப்படும் வரை அவர்கள் அதனைத் தேய்ப்பார்கள் என்றும் அவர் எழுதியுள்ளார். இலங்கைப் பெண்கள் பலநிற மணிகளாலான கழுத்தணியும் காப்பும் சிலம்பும் அணிந்தனர் என்பதும் அவர் குறிப்பு. அக்காலத்தில் இலங்கை கல்லை எடுத்தது, தானே தீட்டியது, தானே அணிந்தது.

சாணை பிடிக்கும் பழைய பொறியைச் சிங்களத்தில் அனபோருவ என்பர். நிமிர்ந்து நிற்கும் உலோகத் தட்டொன்றை வில்லினாற் சுழற்றுவர். ஒரு கை வில்லை இழுக்க, மறுகை கல்லைத் தட்டிலே அழுத்தும். பேருவளைச் சீனன்கோட்டையிலும் காலியிலும் தமிழ் பேசும் சோனகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலையும் இவ்வாணிகத்தையும் பேணி வந்துள்ளன. மேனாட்டார் பட்டைகளின் கோணம் அணுவளவும் பிசகாதிருக்க வேண்டும் என்பர். நம்மவரோ கல்லின் நிறை குறையாதிருக்கவும், நிறம் நிறைந்து நிற்கவும் தீட்டினர். நீலக்கல்லிலே நிறம் எங்கும் ஒருபடியாக இராது. ஒரு மூலையிலே துளியாகத் தேங்கியிருக்கும். அத்துளி கல்லின் அடிப்பகுதியிலே நிற்கும்படி தீட்டினால், மேலிருந்து பார்ப்போருக்குக் கல் முழுதும் நீலமாகத் தோன்றும். துளி எங்கே இருக்கின்றது என்று காண்பதே தீட்டுவோன் கற்ற கல்வி.

இத்தகைய கைகளின் மதிப்பை உலகுக்கு எடுத்துரைத்தவருள் ஒருவர், முதலிலே கற்களை ஆராய வந்தவர். கொழும்பிலே 1877 ஆம் ஆண்டில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். நிலவியல் கற்று, 1903 ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைவராயிருந்தார். சப்பிரகமுவாவின் மணற்சரளையிலே கிடைத்த தோரியனைற்று என்னும் புதிய கனிமத்தை உலகறியச் செய்தவரும் அவரே. கல் தேடி ஊர் ஊராகச் சென்ற அவர், அவ்வூர்களிலே அருகி வந்த கைவினைஞரைக் கண்டார்; அவர்தம் தொழில்முறைகளைக் கேட்டு எழுதினார். 1908 ஆம் ஆண்டிலே இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை வெளியிட்டார். கல்லில் தொடங்கிய அவர் கல்வி கையிலே சென்று முடிந்தது. கைவினைஞன் அழிந்தால் அவனோடு ஓர் அறிவும் அழியும் என்பதை நம் நாட்டிலே அழுத்தமாகக் கூறியவர் அவர்.

அக்கூற்று உண்மையாவதைக் காண நாம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நான் முன்னர்க் கூறிய திருப்பம் இங்கேதான் வருகின்றது.

இரத்தினக்கற் குழிகளிலே கெவுடா என்னும் ஒருவகைக் கல் மிகுதியாகக் கிடைக்கும். அது நீலக்கல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பால் கலந்தாற்போல் மங்கி வெளிறியிருக்கும். நீண்ட காலம் அதனைப் பெறுமதி குறைந்ததென்று ஒதுக்கினார்கள். 1970 களிலே தாய்லாந்து வணிகர் இங்கு வந்து அக்கல்லை மலிவாக வாங்கிச் சென்றார்கள். தங்கள் நாட்டு உலைகளிலே 1,500 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் அதனைச் சூடேற்றினார்கள். கல்லினுள் நுண்ணிழைகளாகப் படர்ந்திருந்த தைத்தேனியம் அவ்வெப்பத்திலே கரைந்து, அங்கிருந்த இரும்போடு இணைந்தது. வெளிறிய கல் தெளிந்த நீலமாயிற்று. இங்கே கூழாங்கல் விலைக்குப் போன பொருள், அங்கே நீலத்தின் விலைக்கு விற்றது.

இதிலே நம்மை வருத்தவேண்டியது யாது? தீயினாற் கல்லின் நிறத்தைத் திருத்தும் வித்தை இத்தீவுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மணிநூல் எழுதிய அராபிய அறிஞர் திபாஷி, இலங்கையிலே மாணிக்கத்தைத் தீயிலிடும் முறையை எழுதியுள்ளார். கரித்தீயை ஊதுகுழலால் ஊதிச் சிவப்புக் கல்லிலே கலந்த நீலச் சாயலைப் போக்கும் வழக்கம், இரத்தினக்கல் தொழிலாளரிடையே நம் காலம் வரை இருந்தது. எனவே வித்தையின் வேர் நம்மிடம் இருந்தது. அவ்வேருக்கு நீர் ஊற்றி, ஊதுகுழலிலிருந்து உலைக்களத்துக்கு அதனை வளர்க்கும் முயற்சி உரிய காலத்தில் நடக்கவில்லை. ஊதுகுழலைப் பிடித்திருந்த கையையும் கனிமநூலைக் கற்ற மூளையையும் ஒரே மேசையில் அமர்த்துவார் இலராயினர். பெரும்பதன் உரைகல்லோடு கடல் கடந்து சென்ற நாட்டிலிருந்தே, கற்றுத் தேர்ந்தவர்கள் நம் கல்லை வாங்க வந்தார்கள்.

தாய்லாந்து வணிகரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்கள் கல்லை விலை கொடுத்தே வாங்கினார்கள். தங்கள் அறிவின் பயனையே பெற்றார்கள். நம் நாட்டிலும் 1971 ஆம் ஆண்டில் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1993 ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை அமைந்தது. பின்னர் உலைகளும் வந்தன. கெவுடாவைச் சூடேற்றும் தொழிலிலே இலங்கையர் இன்று தேர்ச்சி பெற்றிருக்கின்றனர். ஆயினும், இடைப்பட்ட ஆண்டுகளிலே மலிவாகக் கப்பலேறிய கல் திரும்பி வாராது. நீலக்கல் மண்ணிலே முளைக்கும் பயிரன்று. ஒருமுறை தோண்டிய குழியிலே மறுமுறை விளைவதில்லை. தோண்டிய தொழிலாளி நீரிலே நின்று உழைத்த கூலியும், தீட்டிய தொழிலாளி பெற்றிருக்கக்கூடிய கூலியும் அதனோடு போயின.

நேயர்களே, கொடுமணலின் உடைந்த மணி முதல் கெவுடா வரை நாம் கண்டது ஒரே பாடம். கொங்கு நாட்டுப் படிகம் தெருவிலே கிடந்த கல்லாகவே இருந்திருப்பின் உரோமர் பொன் கொடுத்திரார். அதனைத் தேய்க்கவும் துளைக்கவும், துளையாது விடவும் அறிந்த கை இருந்தது. ஆகவே பொன் வந்தது. கை அறிந்த இடத்திற்கு விலை போகும். கல் கிடைக்கும் இடம் அவ்வறிவைக் கைவிட்டால், தன் கல்லையே பிறர் கடையிலே விலை கேட்டு நிற்கும்.

உங்கள் வீட்டுப் பெட்டகத்திலே பாட்டியார் காலத்து மணிமாலை ஒன்று இருக்கலாம். கல் பதித்த தோடோ மூக்குத்தியோ பதக்கமோ இருக்கலாம். அடுத்த முறை அதனை எடுக்கும்போது, கல்லின் நிறத்தைப் பார்த்தபின் அதன் துளையையும் சற்று வெளிச்சத்திலே பிடித்துப் பாருங்கள். கல்லின் அடிப்புறத்தையும், அதனைப் பற்றியிருக்கும் பொன்விளிம்பையும் தடவிப் பாருங்கள். இதனைச் செய்த பத்தர் யார், கல்லைத் தீட்டியவர் எவ்வூரார் என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறந்துவிட்டார்களாயின் வேறு கல்வெட்டு இல்லை. உங்கள் ஊரிலே இன்றும் ஒருவர் சாணையருகே அமர்ந்திருப்பாராயின், அவர் பேரப்பிள்ளை அத்தொழிலை ஏன் கற்கவில்லை என்றும் கேளுங்கள். கல்லை நாடு மண்ணிலிருந்து எடுக்கலாம். அந்தக் கையை மண்ணிலிருந்து தோண்டி எடுக்க இயலாது.